நான்கு வார ஆசிரியர்கள்

"வெள்ளைக்கார டீச்சர்கிட்ட நாலு வாரம் இருந்த பிள்ள, நம்ம டீச்சர்கிட்ட ரெண்டு வருஷம் இருந்த பிள்ளயவிட நல்லா இங்கிலீஷ் பேசும்" என்று சென்ற மாதம் வட்டகொடையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடிய முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து சொன்னார். கூடியிருந்த நாற்பது பேரும் அதை ஆமோதித்தார்கள். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடைப்பட்ட தோட்டப் பாடசாலைகளில் முப்பத்தொரு வருஷம் ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நான், அன்று வாய் திறவாமல் வீட்டுக்கு வந்தேன். கடல் கடந்து வந்து, நம் மண்டபத்தில் நம்மைப் போலவே தரையில் அமர்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையின் முகம் வாடும்படி அவள் எதிரில் பேசுவது முறையன்று என்று அடக்கிக்கொண்ட வார்த்தைகளை இப்போது எழுத்தில் சொல்லுகிறேன். அந்த அபிப்பிராயம் தவறு. தவறு மாத்திரமன்று, நம் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைப்பது.

எதிர்த்தரப்பின் நியாயத்தைக் குறைத்துச் சொல்லி வெல்லுவது வெற்றியாகாது. ஆகையால் அவர்கள் சொல்லுகிற வலிமையோடேயே அதை முதலில் எடுத்துரைக்கிறேன். மலையகப் பிள்ளையைப் பின்தள்ளி வைத்திருப்பது ஆங்கிலமின்மை. ஆங்கிலத்தைப் பிறப்பிலேயே பேசுகிறவர் வாயால் கேட்டுப் பழகினாலொழிய உச்சரிப்புத் திருந்தாது. அந்தப் பழக்கம் மூன்று நான்கு வயதிலேயே தொடங்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து நான்கு வாரத் தொண்டுக்கு வருகிறவர் சம்பளம் கேட்பதில்லை. அவரோடு பழகுவதால் நம் பிள்ளைகளின் கூச்சம் நீங்குகிறது. போகும்போது படப் புத்தகங்களையும் வர்ணப் பென்சில்களையும், சில வேளைகளில் ஒரு கழிப்பறை கட்டுவதற்கான பணத்தையும் விட்டுப் போகிறார். ஆகவே இதில் நமக்கு நஷ்டம் ஏது என்பது அவர்கள் கேள்வி. இந்த வாதத்தில் கழிப்பறை மெய். கூச்சம் நீங்குவதும் ஓரளவு மெய். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது ஆட்சேபம்: நான்கு வாரத்தில் ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? விடுமுறைகள் நீங்க வருஷத்தில் ஏறக்குறையப் பத்து மாதம் முன்பள்ளி நடக்கிறது. ஒருவர் நான்கு வாரம் இருந்து போக அடுத்தவர் வருவாராயின், ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் பத்துப் பேரைக் காணும். அந்தப் பத்துப் பேரும் எங்கே தொடங்குகிறார்கள்? முன்னவர் எங்கே நிறுத்தினார் என்று எழுதி வைக்கும் வழக்கம் இல்லாததால், ஒவ்வொருவரும் 'உன் பெயர் என்ன' என்பதில் தொடங்கி, நிறங்களுக்குப் போய், ஒன்று முதல் பத்து வரை எண்ணி, தலை தோள் முழங்கால் காட்டி ஆடும் பாட்டுக்கு வரும்போது அவருடைய நாலு வாரம் முடிந்துவிடுகிறது. பிள்ளை முதற்பாடத்தைப் பத்துத் தடவை கேட்கிறது. இரண்டாம் பாடத்தை ஒரு தடவையும் கேட்பதில்லை. சென்ற மார்கழியில் ஐந்து வயது நிரம்பிய ஒரு சிறுமியிடம், அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில், மெதுவாக, இரண்டு தடவை கேட்டேன். அவள் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தன் பெயரைச் சொல்லி, மூச்சு விடாமல் ஏழு நிறங்களையும் ஒப்புவித்தாள். அதே கேள்வியைத் தமிழில் கேட்டபோது, அப்பாயி, அம்மா, சித்தப்பா, பால் கறக்கும் பசு, அதன் கன்று என்று ஒவ்வொன்றையும் அதனதன் குணத்தோடு கால்மணி நேரம் சொன்னாள். பேச்சு அந்தக் குழந்தையிடம் நிறைய இருக்கிறது. அதன்மேல் ஆங்கிலத்தைக் கட்டுவார் யாரும் இல்லை என்பதே விஷயம்.

இரண்டாவது ஆட்சேபம்: தாய்மொழியாகப் பேசுகிறவரே நல்ல ஆசிரியர் என்பது யார் கண்டுபிடித்த சாஸ்திரம்? இது பரிசோதித்து நிரூபிக்கப்பட்ட உண்மை என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் இது, 1961 ஆம் வருஷம் உகண்டா நாட்டின் மக்கரேரே என்னுமிடத்தில், பொதுநலவாய நாடுகளில் ஆங்கிலம் போதிப்பதைப் பற்றி நடந்த மகாநாட்டை ஒட்டி வேரூன்றிய ஒரு நம்பிக்கை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கவேண்டும், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, பிற மொழி குறுக்கிட்டால் ஆங்கிலம் கெடும் என்ற ஐந்து கொள்கைகளும் ஆதாரமற்றவை என்று ராபர்ட் ஃபிலிப்சன் என்ற பிரித்தானியரே 1992 இல் ஒரு நூல் எழுதி வாதித்தார். நமக்கு இன்னும் அருகில் ஒரு சாட்சி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் யுத்த காலத்தில் ஆங்கிலம் போதித்த சுரேஷ் கனகராஜா, அங்குள்ள வகுப்பறைகளை உள்ளிருந்து கவனித்து 1999 இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் மொழியாசிரியர்களால் படிக்கப்படுகிறது. தமிழ் வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் இடையிடையே தமிழுக்குத் திரும்புவது சோம்பேறித்தனத்தால் அன்று, பாடம் விளங்குவதற்கும் வகுப்பு நடப்பதற்கும் அது உதவுகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். பல்கலைக்கழகத்து இளைஞனுக்கே தமிழ் ஊன்றுகோலாக வேண்டியிருக்குமானால், நான்கு வயதுக் குழந்தைக்கு அது காலே அல்லவா?

புத்தகங்களை விட்டு, கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். சென்ற ஆடியில், மேற்கு மலை முழுவதும் மூடுபனியில் மறைந்து கிடந்த ஒரு காலையில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, பேரப்பிள்ளைக்குக் குடை கொடுக்க முன்பள்ளிக்குப் போனேன். வெளிநாட்டு ஆசிரியை பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். நம் ஆசிரியை பின்கட்டில் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வட்டத்தில் நின்ற ஒரு சிறுவன், நீலக் கம்பளிச் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டு, "டீச்சர், ஒண்ணுக்கு" என்றான். அவர் புன்னகை செய்து, அவன் பாட்டில் ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லுகிறான் என்று எண்ணினாரோ என்னவோ, அவன் கையைப் பிடித்து இன்னும் வேகமாக ஆட்டினார். அவன் மறுபடியும் சொன்னான். மூன்றாம் தடவை சொல்லவில்லை. சிமெண்டுத் தரையில் ஈரம் பரவியதைப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அழவுமில்லை, ஓடவுமில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அந்தப் பெண் பதறிப்போய், தன் கழுத்துத் துண்டை எடுத்து அவனைத் துடைத்தார். அவருடைய நல்ல மனத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் சிறுநீர் கழிக்கவேண்டும் என்று சொல்லுகிற மொழி விளங்காத ஒருவரிடம், நான்கு வயதுப் பிள்ளை வேறு எதைச் சொல்லப் போகிறது? வயிற்றுவலியையா, வீட்டில் நேற்றிரவு நடந்த சண்டையையா, தன்னை யாரோ தொடத் தகாத இடத்தில் தொட்டான் என்பதையா? சிறு குழந்தைகளின் ஆசிரியருக்குப் பேசும் திறமையைவிடக் கேட்கும் திறமை பெரிது. அதுதான் இங்கே இல்லாமற் போகிறது.

தாய்மொழியை அடித்தளமாகக் கொண்டே ஆங்கிலம் வளரும் என்பதற்கு, வட்டகொடைக்காரர்களாகிய நாம் நம் ஊரின் கதையையே நினைத்துக்கொள்ளலாம். நமக்கு அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் கவிதையும் உரைநடையும் எழுதி, தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை அவர்களை அறியாத உலகத்துக்கு எடுத்துரைத்தார்; 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் சென்றார். இந்த மலைகளிலிருந்து புறப்பட்ட ஆங்கில எழுத்தில் அவருடையதை மிஞ்சியதை நான் படித்ததில்லை. அதே மனிதர்தான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களில் பெண்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தவர். அவருடைய ஆங்கிலத்துக்கு அடியில் இருந்த நிலம் அது.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்; ஆகையால் சற்று விரித்துச் சொல்லுவதற்கு வாசகர் பொறுத்தருளவேண்டும். பிரிவு என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதா? விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற தாய், பால்குடி மாறாத குழந்தையைப் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். கொழுந்து நிறுத்து முடித்து அவள் திரும்பும்போது மாலையாகிவிடுகிறது. இதைவிடக் கடுமையான பிரிவும் உண்டு. நம் டிவிசனிலேயே, தாய் குவைத்திலோ ரியாத்திலோ இன்னொருவர் வீட்டில் வேலை செய்ய, பாட்டி கையில் வளருகிற பிள்ளைகள் லயத்துக்கு இரண்டு மூன்று இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாம் வருஷத்தில் பத்துப் பேரைக் கொண்டுவந்து காட்டி, மடியில் உட்கார்த்தி, கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பழக்கி, நாலாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை போட்டு வழியனுப்பி வைக்கிறோம்.

பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்பார்கள். மறப்பதில்லை, வேறொன்றைக் கற்றுக்கொள்ளுகின்றன. ஆப்பிரிக்காவில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் இல்லங்களுக்குச் சில வாரத் தொண்டு செய்ய வந்து போகும் வெளிநாட்டாரைப் பற்றி லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010 இல் எழுதிய கட்டுரை, இத்தகைய குறுகிய கால உறவுகள் திரும்பத் திரும்ப ஏற்பட்டு அறுவது குழந்தையின் மனத்துக்கு ஊறு செய்யும் என்று எச்சரித்தது. நம் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள், அவர்கள் வேறு இவர்கள் வேறு என்று யாரேனும் சொல்லலாம். அந்த வேற்றுமையை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆயினும் புதிதாக வருகிற யார் மடியிலும் தயங்காமல் ஏறுகிற குழந்தையைப் பார்த்து, "எவ்வளவு பாசம் பாருங்க" என்று நாம் மகிழும்போது, என் மனம் மகிழவில்லை. யாரிடமும் ஒட்டுகிற குழந்தை, யாரையும் நம்பி ஒட்டாத குழந்தையாக மாறிக்கொண்டிருக்கலாம். முப்பது வருஷம் தரம் ஒன்றில் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவன் நான். தாய் சேலையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அழுகிற பிள்ளையைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை, அழாமல் யார் கையையும் பற்றிக்கொள்ளுகிற பிள்ளையைத்தான் கவலையோடு கவனித்து வந்திருக்கிறேன்.

அரேபியாவுக்குப் போகிற நம் பெண்ணையும், இங்கே வருகிற அந்த அயல்நாட்டுப் பெண்ணையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். நம் பெண் பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதற்கு முன், வைத்தியப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சிக்குப் போகவேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உண்டா என்று பார்க்கக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றை 2013 இல் அரசாங்கம் கட்டாயமாக்கியிருந்தது. போய்ச் சேர்ந்த ஆறு மாதத்தில் அந்த வீட்டுக் குழந்தையின் அரபு மொழி அவளுக்கு வந்துவிடுகிறது. வராவிட்டால் வேலை போய்விடும். நம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே வருகிறவருக்கோ, பயிற்சி உண்டா என்று கேட்பார் இல்லை, முன்னடத்தையைப் பற்றிப் பொலிஸ் சான்று உண்டா என்று கேட்பார் இல்லை, தமிழில் பத்து வார்த்தை தெரியுமா என்று கேட்பார் இல்லை. அரபுக் குழந்தையின் பெற்றோர் தம் பிள்ளைக்குக் கேட்கிற அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட நம் பிள்ளைக்கு நாம் கேட்கவில்லை என்றால், நம் பிள்ளையின் மதிப்பைக் குறைத்தவர்கள் யார்?

நான்காவது ஆட்சேபம்: 'சம்பளமில்லாமல் வருகிறார்' என்பது நன்மையா? இலவசமாக வருகிறவரின் விலையை, கோப்பை கழுவிக்கொண்டிருந்த அந்த நம் ஆசிரியை கொடுக்கிறார். அவர் இதே தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, முன்பள்ளி டிப்ளோமாவும் முடித்தவர். அவருடைய மாதச் சம்பளம், ஒழுங்காகக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் மாத வருமானத்தில் பாதிக்கும் குறைவு. உள்ளூர் ஆசிரியருக்குக் குறைவாகக் கொடுத்தாற் போதும் என்ற எண்ணம் முன்பள்ளியோடு நிற்பதுமன்று. 2014 ஐ ஒட்டிய வருஷங்களில் மலையகப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்றபோது, அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பின்பு அது 10,000 ஆயிற்று. நாடு முழுவதும் 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கும்வரை, 1907 ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழிவந்தபடி, துரைமாரின் தயவிலேயே நடந்தன. நம் பிள்ளைகளின் படிப்பு யாரோ ஒருவருடைய தயவினால் நடக்கவேண்டியது, அது நம் உரிமை அன்று என்ற எண்ணம் அந்தக் காலத்தில் நம் எலும்பில் ஏறியது. நான்கு வார ஆசிரியரை நாம் மாலையோடு வரவேற்கும்போது, அந்தப் பழைய எண்ணத்துக்கே புதிய மாலை போடுகிறோம். உபகாரம் கிடைக்கும்வரை உரிமையைக் கேட்கவேண்டியதில்லை என்று சம்பளம் கொடுக்கக் கடமைப்பட்டவர்களும் இருந்துவிடுகிறார்கள்.

இதைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, கூலியாள் என்று படிப்படியாக அடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, முன்பள்ளியில் என்ன காண்கிறது? வெள்ளைத் தோல் பாட்டுப் பாடுகிறது, தன் தாயைப் போன்ற தோல் கோப்பை கழுவுகிறது. ஆங்கில எழுத்து ஒன்றும் அறியாத வயதில் இந்தப் பாடம் மாத்திரம் அதற்குச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இனி, எப்போதும் கடைசியில் எடுத்து வீசப்படுகிற வாதத்துக்கு வருகிறேன். "மிஷனரிமார் மட்டும் யாரு வாத்தியாரய்யா? அவங்களும் வெள்ளைக்காரங்கதானே? அவங்க இல்லாட்டி நமக்குப் படிப்பு ஏது?" என்று அதே தகப்பனார் பின்னொரு நாள் கோயில் படியில் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி; இதையே ஐந்தாவது ஆட்சேபமாக அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். அமெரிக்காவிலிருந்து எலைசா ஆக்னியூ என்ற பெண்மணி 1840 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். உடுவில் மகளிர் பாடசாலையில் ஏறக்குறைய நாற்பது வருஷம் சிறுமிகளுக்கு ஆசிரியையாக இருந்தார். ஒரு தடவையும் தாய்நாடு திரும்பிப் பார்க்கவில்லை. 1883 இல் இங்கேயே இறந்தார். தாம் படிப்பித்த சிறுமிகளின் மகள்களையும், அந்த மகள்களின் மகள்களையும் அவர் படிப்பித்தார். மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847 இல் வந்து, தமிழைக் கற்று, தமிழிலேயே வைத்திய சாஸ்திரத்தைப் போதித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். மதப் பிரசாரத்துக்காக வந்தவர்கள் என்பதையும், அதனால் எழுந்த வழக்குகளையும் நான் மறைக்கவில்லை. அதற்கு ஆறுமுக நாவலர் காலத்திலேயே மறுமொழி சொல்லப்பட்டாயிற்று. நான் சுட்டுவது வேறு. அவர்கள் அந்நியர்களாக வந்து, அந்நியர்களாகவே இருந்துவிடவில்லை. எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரும் அந்நியரே. திருச்சி ஜில்லாவிலிருந்து கப்பலேறி வந்து, லயத்துக் கடைசி அறையில் குடியிருந்து, முப்பது பிள்ளைகளைத் திண்ணையில் வைத்துப் படிப்பித்து, இந்த மண்ணிலேயே தகனமானவர். அவருக்கு எங்கள் அப்பன் பெயரும் தெரியும், எங்களுக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பதும் தெரியும். எந்த நாட்டில் பிறந்தார் என்று நான் ஆசிரியரைக் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பார் என்று கேட்கிறேன்.

ஆறாவதாக ஒன்று சொல்லவேண்டும், அது வருகிறவருடைய பக்கத்து நியாயம். மண்டபத்தில் எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணோடு பின்பு இரண்டு தடவை பேசினேன். அவருக்குப் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்து, பல்கலைக்கழகம் போவதற்கு முன் உலகத்துக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற மெய்யான ஆசையோடு, எல்ல நோக்கிப் போகிற உல்லாசப் பிரயாணிகள் நிறைந்த ரயிலில் வந்து, வட்டகொடையில் தனியாக இறங்கியவர். ஊரில் அவர் ஒரு குழந்தைக்கும் படிப்பித்ததில்லை. அங்கே சான்றிதழ் இல்லாமல் வகுப்பறைக்குள் விடமாட்டார்கள் என்று அவரே சொன்னார். காலையில் அறையின் குளிரில் எழுந்து, வழுக்குகிற கற்படிகளில் மலையேறி, இருபத்தைந்து பிள்ளைகளின் முன் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதும், வழியில் ஒவ்வொரு லயத்திலும் அன்போடு நீட்டுகிற சீனி நிறைந்த தேத்தண்ணியை மறுக்கத் தெரியாமல் குடிப்பதும், இரவில் வயிற்றுக் கோளாறோடு படுத்து அழுவதும் அவருடைய நாட்கள். இதற்காக அவர் ஓர் இடைத் தரகு நிறுவனத்துக்குக் கட்டிய தொகையை நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். நம் முன்பள்ளி ஆசிரியையின் ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். அதில் ஒரு சதமும் முன்பள்ளிக்கு வரவில்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியமில்லாத வேலையும் செய்யலாகாது என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய நல்லெண்ணத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளின் வறுமையைக் காட்டி விற்றிருக்கிறார்கள். நாம் கைதட்டியது அந்த வியாபாரத்துக்கு.

அப்படியானால் கதவைச் சாத்திவிடலாமா? வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்று வெளியேறிய ஆசிரியர்கள் இன்று இந்த மலைகள் எங்கும் படிப்பிக்கிறார்கள். என்னோடு ஒரே பாடசாலையில் வேலை செய்த ஆரம்பக் கல்வி ஆசிரியைகளில் மூவர் அங்கே பயின்றவர்கள். கடதாசியும் கூழாங்கல்லும் தேயிலை விதையும் கொண்டு கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எங்கள் தலைமுறைக்குப் பிரம்புதான் தெரிந்திருந்தது. அந்த ஜெர்மன் உதவி, ஆசிரியரை உண்டாக்கியது. ஆசிரியரின் இடத்தில் வந்து நின்றுகொள்ளவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பயிற்சி பெற்ற ஒருவர், பிள்ளைகளின் முன் நிற்பதற்குப் பதிலாக நம் ஆசிரியையின் பக்கத்தில் அமர்ந்து, மாலையில் ஒரு மணி நேரம் அவரோடு ஆங்கிலம் பேசிப் பழகினால், அந்த ஆங்கிலம் அடுத்த இருபது வருஷத்துப் பிள்ளைகளுக்கு நம் மொழியின் வழியாகவே போய்ச் சேரும். ஒரு வருஷமாவது இருக்கிறேன், தமிழைக் கற்றுக்கொள்ளுகிறேன் என்று வருகிறவருக்கு என் வீட்டு முன்னறையை வாடகையில்லாமல் கொடுக்கிறேன். தமிழும் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த பெற்றோர் கூட்டம் தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபத்தில். அன்று எழுந்து பேச நான் வருகிறேன், நீங்களும் வாருங்கள். வெள்ளைக்கார டீச்சர் எப்போது வருவார் என்று கேட்பதற்கு முன், மூன்று கேள்விகளைச் பெற்றோர் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: வருகிறவர் எத்தனை மாதம் இருப்பார்? பிள்ளை "ஒண்ணுக்கு" என்றால் அவருக்கு விளங்குமா? நம் டீச்சருக்கு இந்த மாதம் எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்கள்?